பத்து நாளைக்கு அப்புறம் என்ன?

வணக்கம் நேயர்களே. 2024ல பொங்கல் பானை வச்ச அன்னைக்குத்தான் நம்ம மொரிஷியஸ்ல பெலால்ங்கிற சிக்லோன், அதான் புயல், வந்துச்சு, போர்ட் லூயிஸ் ரோட்டுல காரெல்லாம் தண்ணில மிதந்து போச்சு, காவடிக்கு இன்னும் சரியா 10 நாள்தான் பாக்கி. எங்க கோயில்ல பந்தல் வேலை பாக்குற மாமா ஒருத்தர், நனைஞ்ச கயித்த பிழிஞ்சுக்கிட்டே கேட்டார், "ஏம்மா, நீ பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக் குடுக்குறியே, இத ஒரு மாசம் முன்னாடியே சொல்ல முடியாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் 2018 செப்டம்பர்ல அமெரிக்காவுல பௌல்டர்ங்கிற ஊர்ல உலக விஞ்ஞானிங்க கூடினாங்க, சில வாரத்துல ஆரம்பிச்சு 10 வருஷம் வரைக்கும் வானிலைய எப்படி முன்கூட்டி சொல்றதுன்னு அஞ்சு நாள் பேசினாங்க. நாம தினமும் கேக்குற வானிலை அறிக்கை ஏறக்குறைய 10 நாளோட நின்னுடும், ஏன்னா காத்துல இன்னைக்கு நாம அளக்குறதுல இருக்குற சின்னப் பிழை நாளாக நாளாக பெருசாகிட்டே போகும். அதுக்கப்புறம் எந்த நாள்ல மழைன்னு சொல்ல முடியாது, ஆனா எந்த வாரம் ஈரமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லலாம்.

எப்படின்னா, நம்ம இந்து சமுத்திரத்துலதான் ஒரு பெரிய மேகக்கூட்டம் உருவாகி கிழக்கால நகந்து போகுது, 30லேர்ந்து 60 நாளைக்கு ஒரு தடவை திரும்பி வரும். அது நம்ம கடல் மேல இருக்கும்போது சிக்லோன் உருவாக வாய்ப்பு கூடும், பசிபிக் பக்கம் போயிட்டா குறையும். இத 1971ல கண்டுபிடிச்சவங்க மேடன், ஜூலியன்னு ரெண்டு பேர், அதே பௌல்டர்ல வேலை பாத்தவங்க. எதை வச்சு தெரியுமா? பசிபிக்ல கேண்டன்னு ஒரு துளியூண்டு தீவு, அங்க ஏறக்குறைய 10 வருஷமா பறக்கவிட்ட வானிலை பலூன் அளந்த கணக்க வச்சு! ஒரு குட்டித் தீவோட பலூன் உலகத்துக்கே வழி காட்டியிருக்குன்னு படிச்சப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு.

நம்ம தீவும் சளைச்சதில்ல. 1872லயே சார்ல்ஸ் மெல்ட்ரம்ங்கிற வானிலை விஞ்ஞானி, இங்க மொரிஷியஸ்ல இருந்துக்கிட்டு, சூரியன்ல தெரியுற கரும்புள்ளி 11 வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் குறையுற மாதிரி சிக்லோனும் கூடிக் குறையுதுன்னு சொன்னார். அந்தக் கணக்கு பின்னால நிக்கல, ஆனா 10 வருஷத்து வானிலைய யோசிச்சுப் பாக்குற துணிச்சல் இங்கேயே இருந்திருக்கு. இப்ப விஞ்ஞானிங்க சூரியன விட்டுட்டு கடலப் பாக்குறாங்க, கடல் மெதுவா சூடாகும் மெதுவா ஆறும், அதனால அதுக்கு ஞாபகம் அதிகம், நாம காத்துல கலக்குற புகையால கூடுற சூட்டையும் அதோட சேத்துக்குறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க தங்களையே சோதிக்கிற முறை. போன 20 வருஷத்துப் பழைய தேதிகளோட வானிலைய கம்ப்யூட்டருக்குக் குடுத்து, நடந்தது தெரியாத மாதிரி திரும்பச் சொல்ல வச்சு, நெசத்தோட ஒப்பிடுறாங்க. மழைக்கு வாய்ப்பு 60 சதவீதம்னு 100 தடவை சொன்னா, ஏறக்குறைய 60 தடவைதான் நடக்கணும், 90 தடவை நடந்தா அதுவும் தப்புக் கணக்குதான். இத நம்ம வீட்டுல எல்லாரும் புரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ஏன்னா சதவீதம்னு சொன்னாலே "அப்ப இவங்களுக்கே தெரியல"ன்னு ரேடியோவ அணைச்சுடுறோம்.

அடுத்த காவடிக்கு ஒரு மாசம் முன்னாடி மாமா திரும்பக் கேட்டார். மேகக்கூட்டம் நம்ம பக்கம் வருது மாமா, மூணாவது வாரம் கொஞ்சம் சந்தேகம்னேன். "உறுதியா?" 10க்கு 6ன்னு வச்சுக்கோங்கன்னேன். கொஞ்ச நேரம் பந்தல் கால்கள எண்ணினார், அப்புறம் "சரி, கயிறு இப்பவே வாங்கிடுறேன், தகரம் கடைசி வாரத்துல ஏத்திக்கலாம்"னார்.