பிறந்த மண் அணி: வில்லி ஆண்டர்சனும் சமையலறைச் சாப்பாடும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, வணக்கம் இவ்வளவுதான்.

'வில்லி ஆண்டர்சனை ஆளாக்கியது பிறந்த மண்ணா, புகுந்த மண்ணா?' நாங்கள் பிறந்த மண். 1879இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் ஊரில் பிறந்தவர். 16 வயதில் கப்பலேறி அமெரிக்கா போனவர். 1901, 1903, 1904, 1905 என்று நான்கு முறை யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் கோப்பையை வென்றவர். அதில் தொடர்ச்சியாக மூன்று. இன்றுவரை வேறு யாரும் அதைச் செய்யவில்லை. வரலாறு முடிந்தது, சண்டைக்கு வருவோம்.

எதிரணி அண்ணன் உட்காரப் போகும்போது ஒரு வார்த்தை விட்டார். "அப்பா மைதானத்தில் புல் வெட்டுகிறவர். ஊரிலேயே கிடந்திருந்தால் மகனும் புல்தான் வெட்டியிருப்பான்." நீங்களும் கைதட்டினீர்கள். இருக்கட்டும்.

அண்ணே, அவர் அமெரிக்கா போயும் புல்தான் வெட்டினார்!

எங்கே? மாசசூசெட்ஸில், மயோபியா ஹன்ட் கிளப்பில், 1901இல். நரி வேட்டையாடும் பணக்காரர்களின் கிளப். அங்கே யு.எஸ். ஓப்பன் போட்டி. அந்தக் காலத்தில் காசுக்கு ஆடுகிறவன் என்றால் கிளப்பின் வேலையாள். மட்டை செய்ய வேண்டும், உடைந்ததை ஒட்டித் தர வேண்டும், உறுப்பினருக்கு ஆடச் சொல்லித்தர வேண்டும். கிளப் கட்டடத்துக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. சாப்பாடு? "ஆட்டக்காரர்கள் எல்லாம் சமையலறையில் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆண்டர்சன் வாயே திறக்காத மனிதர். கையில் மாஷி என்ற இரும்பு மட்டை. கிளப்புக்கு முன்னால் புல்தரையில் நின்று அதைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தார். சமையலறை என்று காதில் விழுந்தது. ஆட்டம் கொஞ்சம் வேகமானது. "இல்லை, இல்லை. நாங்கள் சமையலறையில் சாப்பிட மாட்டோம்!" சொன்னார், ஒரே வீச்சு. கிளப்பின் அருமைப் புல்தரை மண்ணோடு பாளமாகப் பெயர்ந்து போய் விழுந்தது.

நடுவர் சிரிக்கிறார். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். சரி, இந்த முறை புல்தரைக்காரர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். விதை போட்டு, தண்ணீர் விட்டு, உருளை உருட்டி, சீப்பு வைத்து வாராத குறையாக வளர்த்த புல். அதன் மேல் நின்றுகொண்டு ஒரு பொடியன் மட்டையை ஆட்டுகிறான். ஆட்டினால் ஆட்டட்டும் என்று பார்க்கிறார்கள். சட்டென்று புல் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம்!

அந்தப் புல்லை வளர்க்க என்ன பாடு என்று யாருக்குத் தெரியும்? புல் வளர்த்தவர் மகனுக்குத் தெரியும். முதலாளிக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று கணக்காகத் தெரிந்து வெட்டினான் பையன். அண்ணன் கேலி செய்த அதே அப்பா கற்றுக்கொடுத்த பாடம் அது. அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? கூடாரம் போட்டு ஆட்டக்காரர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். கட்டடத்துக்குள் அப்போதும் விடவில்லை, அது வேறு.

இந்த மண்தான் அவரை ஆளாக்கியதாம்! அதே போட்டியில் ஆண்டர்சனும் அலெக்ஸ் ஸ்மித்தும் மட்டையால் ஆளுக்கு 331 முறை அடித்துச் சமம். மறுநாள் ஞாயிறு. மோதி முடித்துவிடலாமே? முடியாது, ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் ஆடும் நாள். சாம்பியன் யார் என்று தெரிய நாடே காத்திருக்கலாம், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஆடினார்கள். கோல்ஃபில் குறைவாக அடித்தவனுக்குத்தான் வெற்றி. ஆண்டர்சன் 85, ஸ்மித் 86, ஒரே ஒரு அடி வித்தியாசம். பரிசு 200 டாலர்.

இன்னொன்று. அலெக்ஸ் ஸ்மித் எந்த ஊர்? ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. 1903இல் மறுபடியும் சமம், மறுபடியும் தனி ஆட்டம். எதிரே டேவிட் பிரவுன், அவரும் ஸ்காட்லாந்து. ஜெயித்தவன் எங்கள் ஊர், தோற்றவன் எங்கள் ஊர். அண்ணே, உங்கள் மண் போட்டது மைதானம் மட்டும்தான்.

மணி அடிக்கிறது. ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

அந்தப் பையனுக்கு அமெரிக்காவில் ஓர் இடம் நிலைத்ததா? 14 வருடத்தில் பத்து கிளப் மாறினார். நான்கு கோப்பை வாங்கியவனுக்குப் பத்து முதலாளிகள்! 1910 அக்டோபரில், சாவதற்குச் சில நாள் முன்புவரை, ஒரே நாளில் 36 குழி, அதாவது இரண்டு முழுச் சுற்று ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். 31 வயதில் போய்விட்டார். வலிப்பு நோய் என்று இறப்புச் சான்றிதழ் சொல்கிறது. 16 வயதில் மட்டை பிடித்த கையோடு ஊரைவிட்டுப் போன பிள்ளை, பிலடெல்பியா மண்ணில் கிடக்கிறான்.

அடுத்த வருடமே, 1911இல், அமெரிக்காவில் பிறந்த ஒருவர் முதன்முதலாக அந்தக் கோப்பையை வென்றார். ஜான் மெக்டெர்மாட், அதே பிலடெல்பியாக்காரர். சொந்தப் பிள்ளை தலையெடுக்கும்வரை அடுத்த வீட்டுப் பிள்ளையை ஆடவிட்டு, அவனைச் சமையலறைக்குப் போகச் சொன்ன மண் ஐயா அது! அண்ணன் அந்த மண்ணுக்காகப் பேசட்டும். நான் நார்த் பெரிக் கடற்கரையில் அவனைப் பெற்றவர்கள் பக்கம் நிற்கிறேன். மதிப்பெண் போடுவது உங்கள் பாடு.