கடையில் கிடக்கும் காசும் முதுகில் ஏறும் பாரமும்

வணக்கம் நேயர்களே.

நிலாவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்கள் வந்தால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு வெளிநாட்டு விருந்தினர்தான். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று மருமக்களும் பெறாமக்களும் வந்து இறங்குவார்கள். வருவதற்கு முன்பே, "மாமா, என்ன கொண்டு வர?" என்று அழைப்பு வரும். நாங்களும் வழக்கம்போல, "ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்போம். கடைசியில் சொக்கலேட்டும் சென்ட் போத்தலும் வந்து சேரும்.

இந்த முறை ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் வேறு மாதிரிக் கேட்டான். மலையேற்றச் சாமான் விற்கும் கடை ஒன்றில் பெரிய கூடாரம் வாங்கி, பிடிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறான். பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டதால் கடைக்காரர் காசாகத் தரவில்லை. அந்தக் கடையிலேயே செலவழிக்கும்படி கிரெடிட்டாகப் போட்டுவிட்டார்கள். "மாமா, முந்நூறு டொலர் சும்மா கிடக்குது. நீங்கள் சாரணர் பிள்ளைகளோட மலை, காடு எண்டு திரியிறனீங்கள்தானே. ஒரு லிஸ்ட் அனுப்புங்கோ" என்றான். அந்த லிஸ்டை எழுத உட்கார்ந்தபோது யோசித்தவற்றைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் கிரெடிட்டைப் பற்றி. அது காசு போலத் தெரியும், ஆனால் அந்த ஒரு கடையின் வாசலுக்குள் மட்டும்தான் செல்லும். கடை நொடித்துப் போனால் கிரெடிட் வைத்திருப்பவர், ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கி போன்றவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே அதைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதில் இலாபம் எதுவும் இல்லை. முடிவுத் திகதி இருக்கிறதா, மலிவு விற்பனையில் உள்ள பொருளுக்கும் செல்லுமா, வாங்கியதை மாற்ற எத்தனை நாள் தருவார்கள் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் செலவழித்துவிடுவதே நல்லது. எங்கள் ஊர்க் கடைகள் தரும் வவுச்சருக்கும் இதே கேள்விகள்தான். இங்கே வாங்கிய பொருளில் பிழை இருந்து கடைக்காரர் கையை விரித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

எல்லாக் கிரெடிட்டும் திருப்பிக் கொடுத்ததால் வருவதில்லை. அமெரிக்காவில் 1938 இல் தொடங்கிய ஆர்.ஈ.ஐ. என்ற மலையேற்றக் கடை உண்மையில் ஒரு கூட்டுறவுச் சங்கம். எங்கள் சங்கக்கடையின் பணக்கார உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கத்தவர் ஆண்டு முழுவதும் முழுவிலை கொடுத்து வாங்கியதில் வழக்கமாகப் பத்து வீதம் அவருக்குக் கிரெடிட்டாகத் திரும்பி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகம் வாங்கியவருக்குத்தானே அதிகம் வரும்!

எந்த வழியில் வந்தாலும் இதில் ஒரே பொறிதான். முந்நூறு டொலர் கிரெடிட்டோடு உள்ளே போனவரின் கண்ணில் ஐந்நூறு டொலர் மழை ஜக்கெட்தான் படும். "இருநூறுதானே கையில் இருந்து போகுது" என்று தோன்றும். கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். மருமகனுக்கு நான் போட்ட முதல் நிபந்தனை, சொந்தக் காசு ஒரு சதமும் சேரக்கூடாது என்பது. இரண்டாவது, திருகோணமலையிலோ கொழும்பிலோ கிடைக்கும் எதையும் அங்கே வாங்கக்கூடாது. பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் தருகின்றன. அவன் பெட்டிக்கும் பாரமில்லாமல், என் முதுகுக்கும் பாரமில்லாமல், இங்கே கிடைக்காததாய் இருந்தால் மட்டும் வாங்கு என்றேன்.

பாரம் குறைத்து நடப்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுக்கலை என்று நினைக்க வேண்டாம். செல்வச்சந்நிதியில் புறப்பட்டுக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை எங்கள் ஊர் வழியாகத்தான் வெருகலுக்குப் போகிறது. அதில் வரும் அம்மாமாரின் பொட்டலியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாற்றுச் சேலை ஒன்று, போர்வை, திருநீற்றுப் பை, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுக்கு ஒரு தட்டு. அவ்வளவோடு உகந்தைக்குப் போய், குமண, யால காட்டையும் கடந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1955 இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். காலில் கன்வஸ் சப்பாத்து. தோளில் தானே தைத்த துணிப்பை. கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறைத் திரைச்சீலை. கடைக்குப் போகுமுன் இந்தப் பாட்டிகளை ஒருமுறை நினைத்துக்கொண்டால் லிஸ்ட் தானாகவே பாதியாகிவிடும்.

சரி, எங்கள் ஆட்கள் எங்கே நடக்கிறார்கள்? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலுக்குள் நடப்பது ஒன்று. சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறுவது இன்னொன்று. நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, இப்போது பலரும் பேசும் பீக்கோ பாதை என்று மழையும் அட்டையும் உள்ள மலைநாடு மூன்றாவது. பீக்கோ பாதை கண்டிப் பக்கம் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றர் அளவுக்குப் போகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குளிரும் என்பது பொதுக் கணக்கு. சிவனொளிபாதம் 2243 மீற்றர். எங்கள் கடற்கரையில் இரவு 26 பாகை என்றால், உச்சியில் 11 அல்லது 12 பாகைதான் இருக்கும். அதில் காற்றும் சேரும், வியர்த்த உடம்பும் சேரும்.

இந்த இடத்தில்தான் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வெயிலுக்குப் பருத்தி நல்லது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் காய்வதால் உடம்பு குளிர்கிறது. அதே குணம்தான் சிவனொளிபாத உச்சியில் எதிரியாகிறது. சூரியோதயம் பார்க்கக் காத்திருக்கும்போது முதுகோடு ஒட்டிய ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பொலியெஸ்டர் நூல் தன் எடையில் அரை வீதம் ஈரத்தைக்கூட உள்ளே எடுப்பதில்லை. உதறிப் போட்டால் சீக்கிரம் காயும். ஆனால் இரண்டாம் நாள் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், அவ்வளவு நாற்றம். மெரினோ என்ற செம்மறியாட்டின் கம்பளி நூலில் மெல்லிசாகப் பின்னிய ரீசேட் ஒன்று இருக்கிறது. சதுர மீற்றருக்கு 150 கிராம் அளவிலானது. நாட்கணக்கில் போட்டாலும் மணக்காது, ஈரமாக இருந்தாலும் ஓரளவு சூடு தரும். விலைதான் கண்ணைக் கட்டும். காசு கொடுத்து வாங்க மனம் வராத, ஆனால் வாங்கினால் வருடக்கணக்கில் உதவும் இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் கிரெடிட் பொருத்தம். லிஸ்டில் முதலில் எழுதியது அதைத்தான்.

காற்சட்டைக்கு வருவோம். ஜீன்ஸ் போட்டு மலையேறும் பெடியன்களை எத்தனை சொன்னாலும் திருத்த முடியவில்லை. ஒரு ஜீன்ஸ் அறுநூறு, எழுநூறு கிராம் வரும். நனைந்தால் இன்னும் கூடும், அடுத்த நாள் மத்தியானம் வரை காயாது. மெல்லிய நைலோன் காற்சட்டை அதில் பாதிதான். பெண் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, உங்கள் சல்வார் ஏற்கெனவே நல்ல நடையுடுப்புத்தான், துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று. ஒரு வேடிக்கையும் உண்டு. போன முறை வந்தபோது மருமகன் போட்டிருந்த விலை கூடிய நடைச் சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால், "மேட் இன் ஸ்ரீலங்கா". எங்கள் நாட்டுப் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தானே. கட்டுநாயக்கவில் இருந்து போனது கட்டுநாயக்க வழியாகவே திரும்பி வந்திருக்கிறது.

கால்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். இராணுவத்தினரை நடக்கவிட்டு அளந்த ஆய்வுகளின்படி, சப்பாத்தில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் ஒரு கிலோவைப் போல நாலைந்து மடங்கு சக்தியைத் தின்னும். உயரமான தோல் பூட்ஸ் ஒரு சோடி ஒரு கிலோவைத் தாண்டும். மலைப்பாதையில் ஓடுபவர்கள் போடும் வலைத்துணிச் சப்பாத்து அறுநூறு கிராம் அளவு. ஓடையில் இறங்கி ஏறினாலும் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். ஆனால் ரொறன்ரோவில் இருப்பவன் என் காலுக்கு எப்படி வாங்குவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், காலுறை போட்டுக்கொண்டு வெள்ளைத்தாளின் மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு பிழைக்கும். பென்சிலைச் சரிக்காமல் நேராகப் பிடித்து இன்னொருவர் சுற்றிக் கோடு போடட்டும். குதிக்கும் மிக நீண்ட விரலுக்கும் இடையில் எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து, இரண்டு காலில் பெரியதன் அளவை அனுப்புங்கள். முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும். அகலக் கால் உள்ளவர்களுக்கு, செருப்போடு வளர்ந்த எங்களில் பலருக்கு அப்படித்தான், விரல் பகுதி அகன்ற வகை தனியாக உண்டு. காலுறை இரண்டு சோடி போதும். மெல்லிய கம்பளிக் கலப்புக் காலுறை ஒன்றின் விலையைக் கேட்டால் இங்கே ஒரு குடும்பத்துக்கே காலுறை வாங்கலாம். அதனால்தான் அதுவும் லிஸ்டில் ஏறியது.

மழை ஜக்கெட்டுக்கு நான் எதிர்க்கட்சி. மழையை உள்ளே விடாமல் வியர்வையை வெளியே விடும் என்று விற்கிறார்கள். உள்ளே ஈரப்பதன் கூடி, வெளியே குறைவாக இருந்தால்தான் ஆவி வெளியேறும். எங்கள் மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும்போது ஆவி எங்கே போவது? உள்ளே வியர்வையில் நனைந்துகொண்டு வெளியே நனையாமல் நடக்க ஐந்நூறு டொலர் தேவையில்லை. குடை இருக்கிறது. வெயிலுக்கும் உதவும். காற்றுப் பலமாக இருக்கும் முகடுகளுக்கு முதுகுப்பையையும் சேர்த்து மூடும் மலிவான பொஞ்சோ ஒன்று. பைக்குள் சாமானை நனையாமல் காக்கத் தடித்த பொலித்தீன் பை ஒன்றை உள்ளே விரித்தால் சரி. ஜக்கெட்டுக்குப் பதிலாக, நூறு கிராம் அளவில், உள்ளங்கைக்குள் சுருட்டிவிடக்கூடிய காற்றுத் தடுப்பு மேற்சட்டையை எழுதினேன். சிவனொளிபாத உச்சியில் அதன் அருமை தெரியும். வாத்திறகு அடைத்த குளிர்ச்சட்டை வேண்டாம். நனைந்தால் சூடு போய்விடும். எங்களுக்கு வருடத்தில் ஓரிரு இரவுதான் அது தேவை, அதற்கு வீட்டு அலுமாரியில் கிடக்கும் சுவெட்டரே போதும்.

ஐம்பது தாண்டிய நேயர்கள் ஊன்றுகோலைப் பற்றிச் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். சிவனொளிபாதத்துக்கு நல்லதண்ணிப் பக்கத்தால் போனால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் பழிவாங்கும். மடித்து வைக்கும் அலுமினியக் கோல் ஒரு சோடி அரைக்கிலோ அளவு. சீமெந்துப் படிக்கு நுனியில் மாட்டும் இறப்பர் மூடியையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் போட வேண்டும். தலையில் மாட்டும் ரோச்சும் நல்லது, ஆனால் போனை சார்ஜ் பண்ணும் அதே வயரில் ஏறக்கூடியதாகப் பார்க்க வேண்டும்.

முதுகுப்பையைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். சாமான் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். தண்ணீரும் சாப்பாடும் நீங்கலாக நாலரைக் கிலோவுக்குள் அடக்குபவர்கள் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள். எங்கள் ஒன்றிரண்டு நாள் நடைக்கு அது எட்டாத கணக்கு அல்ல. பெரிய பை வாங்கினால் வெற்றிடத்தை நிரப்ப மனம் தானாகவே சாமான் தேடும்.

வேண்டாதவற்றையும் அவனுக்கு எழுதினேன். இரும்புத் தண்ணீர்ப் போத்தல் வேண்டாம். வெறும் போத்தலே முந்நூறு கிராம் வரும், சோடாப் போத்தல் நாற்பது கிராம் தாண்டாது. அட்டை கடிக்காமல் போடும் காலுறை வேண்டாம், சிங்கராஜக் காட்டு வாசலில் மலிவாகக் கிடைக்கிறது. எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். விசேடத் துவாய் வேண்டவே வேண்டாம். எங்கள் சாரம் துவாயாகவும், போர்வையாகவும், உடுப்பு மாற்றும் மறைப்பாகவும் இருக்கும்.

பெடியன் லிஸ்டை வாசித்துவிட்டு, "மாமா, இதெல்லாம் வாங்கியும் நாற்பது டொலர் மிஞ்சுது" என்றான். மிச்சத்துக்கு மாமிக்கும் ஒரு சோடி காலுறை எடுக்கச் சொன்னேன். காற்சட்டை வரும்போது கால் நீளம் எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும். மத்திய வீதியில் தையல்காரர் ஒருவர் இருக்கிறார், குறைத்துத் தருவார். வெட்டிய துண்டை மட்டும் கேட்டு வாங்கிவிட வேண்டும், பிறகு முள்ளுக் கிழித்தால் ஒட்டுப் போட உதவும். நைலோனுக்குச் சூடான அயன் ஆகாது என்பதையும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.