பாதரசம் படிந்த வயலில் தண்ணீர் கட்டினால்

நேயர்களுக்கு வணக்கம். சீனாவில் குய்சோ மாகாணத்து வான்ஷான், பல நூறு ஆண்டுகளாகப் பாதரசம் எடுத்த ஊர். சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். தாதுவை வறுத்துக் கொட்டிய கசடு மட்டும் அங்கேயே கிடக்கிறது. அதைக் கழுவி வரும் ஓடைதான் கீழே நெல்வயலுக்குப் பாய்கிறது. அந்தப் பகுதி மக்கள் உடம்பில் மெத்தில் பாதரசம் (நரம்பைத் தாக்கும், அதிக நச்சுள்ள பாதரச வடிவம்) சேர்வது பெரும்பாலும் மீனால் அல்ல, சோற்றால்.

ஒரு ஏக்கரில் 20 செ.மீ. ஆழத்து மேல்மண் ஏறக்குறைய 1,000 டன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று ஆய்வறிக்கை சொன்னால், அந்த ஏக்கரில் 1 கிலோ பாதரசம் இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் ஆவியாகும். மிச்சத்தை மக்கிலுள்ள கந்தகம் பிடித்துக்கொள்வதால் மழைக்கு அவ்வளவாகக் கீழே இறங்காது.

நிலம் காய்ந்திருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. நட்டுத் தண்ணீர் கட்டியதும் சில நாட்களில் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்போது தலையெடுக்கும் சில பாக்டீரியாக்கள், குறிப்பாக சல்பேட் என்ற கந்தக உப்பைக் கொண்டு பிழைப்பவை, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புதிதாகப் படிந்தது சுலபமாக மாறும். பழைய தாதுத் துகள் லேசில் மாறாது. ஆகவே மண்ணின் மொத்த அளவை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் அவசரம், நிம்மதியடைவதும் அவசரம்.

சாதாரணப் பாதரசம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். மெத்தில் பாதரசம் தண்டுக்கும் இலைக்கும் ஏறி, பால் பிடிக்கும்போது மணிக்குள் போகிறது. அதுவும் தவிட்டில் அல்ல, வெள்ளை அரிசியிலேயே அதிகம். எத்தனை முறை தீட்டினாலும் போகாது.

செய்யக்கூடியது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது. பச்சை வைக்கோலை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டாதீர்கள். அது அந்த பாக்டீரியாக்களுக்கு விருந்து. கொளுத்தவும் வேண்டாம், வைக்கோலில் உள்ள பாதரசம் காற்றில் கலந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வயலைக் காயவிட்டால் காட்மியம் என்ற நச்சு உலோகம் பயிரில் ஏறும். சுரங்கப் பக்கத்து நிலமாக இருந்தால் இரண்டையும் சோதித்துவிட்டு, மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு இடுங்கள்.

மண் மாதிரியை அடுப்பில் உலர்த்தினால் பாதரசம் ஆவியாகிப் போய், அறிக்கையில் குறைவாகக் காட்டும். நிழலில் உலர்த்துங்கள். மெத்தில் பாதரசம் பார்க்க வேண்டுமானால் உலர்த்தவே வேண்டாம், ஈரத்தோடு ஐஸில் வைத்து அனுப்புங்கள். கூடவே அறுவடை நெல்லும் ஒரு பிடி போகட்டும்: அரிசியில் மொத்தப் பாதரசத்துக்குச் சீனா வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்.