நிறைமாசத்தில் காய்ச்சலா? இந்த 95-ஐ மறக்காதீங்க!

வணக்கம் மக்களே! ஆனி மாதச் சாரல். வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல். அப்பா நாலாம் நாள் சாயாக் கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார். அதே காய்ச்சல் வந்த நிறைமாதத்து மகள் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஆக்சிஜன் மாஸ்கோடு படுத்திருக்கிறாள். ஒரே கிருமிதானே, ஏன் இப்படி?

கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி மாறுகிறது, அது ஒரு காரணம். அதை அப்படியே விடுவோம். எனக்குப் பிடித்த கதை நுரையீரலில் இருக்கிறது.

(திரையில்: மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்)

மழை வந்தால் நம்ம ஊரில் முதலில் போவது கரண்ட். மோட்டார் ஓடாது, டேங்கில் கிடக்கும் தண்ணீர்தான் கதி. இப்போது டேங்கும் சின்னது, வீட்டில் விருந்தாளிகளும் இருக்கிறார்கள் என்றால் எத்தனை நேரம் தாங்கும்? கருப்பை வளர வளர, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தைச் சுமார் 4 செ.மீ. மேலே தள்ளிவிடுகிறது. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்று ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. அதுதான் டேங்க். உடம்பு கேட்கும் ஆக்சிஜனோ 20 சதவீதம் போலக் கூடுகிறது. அதுதான் விருந்தாளி. (பிள்ளையை விருந்தாளி என்றதற்கு அம்மாமார் அடிக்க வராதீங்க.) இந்த நிலையில் ஃப்ளூவோ கொரோனாவோ நுரையீரலில் இறங்கினால் கரண்ட் போன மாதிரிதான். 1918-ல் உலகத்தையே ஆட்டிய ஃப்ளூவிலும் சரி, 2009 பன்றிக் காய்ச்சலிலும் சரி, கர்ப்பிணிகள் அதிகம் அடிபட்டது இதனாலும்தான்.

இதில் ஒரு பொல்லாத விஷயம், மாசமாக இருந்தால் சும்மாவே கொஞ்சம் மூச்சு வாங்கும். "அது அப்படித்தான் மக்கா, இந்தா சுக்கு காப்பி குடி" என்று வீட்டில் இரண்டு நாள் ஓட்டிவிடுவார்கள். சுக்கு காப்பி தாராளமாகக் குடிக்கட்டும். கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பாருங்கள். 95-க்குக் கீழே காட்டினால் காப்பியைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 95 காட்டினாலும் பேசவே மூச்சு திணறினால், பிள்ளை அசைவு குறைந்தால், அப்போதும் அதேதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம், மற்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி முழுங்க வேண்டாம்.

கொரோனா இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

அப்புறம் ஃப்ளூ தடுப்பூசி. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு அதைப் போட முடியாது. ஆனால் அம்மா கர்ப்பத்திலேயே போட்டுக்கொண்டால் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். என்ன ஏற்பாடு பாருங்கள்!

கடைசியாகப் பால். 2020-ல் எங்க மைனிக்குக் கொரோனாவோடு பிரசவம். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். பிள்ளையை மூன்று நாள் தனியாக வைத்துவிட்டார்கள். மைனி போனில் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே, கட்டிக்கொண்ட பாலைப் பிழிந்து கீழே ஊற்றினார். மாஸ்க் போட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, பால் கொடுக்கலாம், பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த வருடமே சொல்லியிருந்தது. பாலில் எதிர்ப்புப் பொருளும் இருக்கிறது. இதைச் சொன்னால் மைனிக்கு இன்னும் கண் கலங்கும். உங்கள் வீட்டிலும் இப்படிப் பிரித்து வைத்தார்களா? கமெண்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.