நாகரிகங்களைப் பிரிப்பது தொலைவா, காலமா?

அவையோருக்கு வணக்கம். வேற்றுலகங்களில் அறிவார்ந்த உயிர்கள் உள்ளனவா, இருந்தால் அவற்றை மனித குலம் என்றேனும் சந்திக்குமா என்பது இன்றைய உரையின் பொருள். இவ்விரு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் முதலாவதற்கு ‘ஆம்’ என்பவர் இரண்டாவதற்கும் ‘ஆம்’ என்றாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. முதலாவதற்கு நான் சற்றுத் தயக்கத்தோடு ஆம் என்பேன். நேருக்கு நேர் சந்திப்பு நிகழுமா என்றால், அநேகமாக நிகழாது என்பேன். விண்வெளியின் தொலைவே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். தொலைவைக் காட்டிலும் காலமே பெரிய தடை என்பது என் கருத்து.

உயிர் வாழ இடத்துக்குப் பஞ்சமில்லை. 1995ஆம் ஆண்டு மிஷேல் மேயரும் திதியே குவெலோவும் 51 பெகாசி என்னும், சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டறிந்தனர். இவ்வாறு பிற விண்மீன்களைச் சுற்றுவனவாக உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை இன்று 6,000ஐத் தாண்டிவிட்டது. நாம் வாழும் பால்வழி மண்டலத்தில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் உள்ளன. அவற்றுக்குக் கோள்கள் இருப்பதே இயல்பு என்பதைக் கெப்ளர் விண்தொலைநோக்கி காட்டிவிட்டது.

ஆனால் உயிர் தோன்றுவது வேறு, அறிவு தோன்றுவது வேறு. இதில் நமக்குக் கிடைத்துள்ள ஒரே சான்று பூமிதான். ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான இந்தக் கோளில், 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வாழ்ந்தமைக்குப் பாறைகளில் தடயங்கள் உள்ளன. சூழல் அமைந்ததும் உயிர் அதிகம் தாமதிக்கவில்லை. அதன்பின் நடந்ததோ வேறு கதை. விலங்குகள் தோன்றிச் சுமார் 60 கோடி ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்தைய நெடுங்காலத்தின் பெரும்பகுதி ஒற்றைச் செல் உயிர்களின் வரலாறாகவே கழிந்தது. நம் இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வானொலி அலைகளை உண்டாக்கக் கற்று ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. காகமும் ஆக்டோபஸும் டால்பினும் அறிவுள்ளவையே. ஆனால் கடலுக்குள் வாழும் ஓர் உயிர் எவ்வளவு கூர்மதி படைத்ததாயினும் நெருப்பு மூட்டி உலோகத்தை உருக்க அதனால் இயலாது. உலோகம் இல்லாமல் தொலைநோக்கி எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் 1983இல் இதையே வேறு கோணத்தில் ஆராய்ந்தார். சூரியனின் ஆயுளில் ஏறத்தாழப் பாதி கழிந்த பிறகே அறிவு இங்கே தோன்றியது. உயிர் படிப்படியாக மாறுவதற்குத் தேவைப்படும் காலத்துக்கும் ஒரு விண்மீன் எரியும் காலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோது, இரண்டும் இவ்வளவு நெருங்கி அமைந்தது ஏன்? அறிவு தோன்றப் பொதுவாக விண்மீனின் ஆயுளைவிட மிக நீண்ட காலம் தேவைப்படுகிறது, நாம் அதில் தப்பிப் பிழைத்த அரிய விதிவிலக்கு என்பது அவர் கண்ட விடை. ஒரே ஒரு சான்றின் மீது எழுப்பிய வாதம் என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது; ஆயினும் என் தயக்கத்துக்கு இதுவே முதற்காரணம்.

இனிக் காலத்துக்கு வருவோம். பால்வழி மண்டலத்தில் செய்தி அனுப்பக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என மதிப்பிட வானியலாளர் பிராங்க் டிரேக் 1961இல் வகுத்த சமன்பாட்டில் ஏழு காரணிகள் உள்ளன. அவற்றில் கடைசியானது, செய்தி அனுப்பும் திறனோடு ஒரு நாகரிகம் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பது. கணக்கு எளிதாக அமைவதற்காக, பால்வழி மண்டலத்தின் 1,000 கோடி ஆண்டு வரலாற்றில் மொத்தம் 10 லட்சம் நாகரிகங்கள் முன்னும் பின்னுமாகத் தோன்றியதாகக் கொள்வோம். இது மிகத் தாராளமான எண். ஒவ்வொன்றும் 1,000 ஆண்டுகள் நீடித்து மறைந்தால், எந்தத் தருணத்தை எடுத்துக்கொண்டாலும் சராசரியாக உயிரோடிருப்பது ஒரு நாகரிகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 நாகரிகம் மட்டுமே. பத்து லட்சம் பேர் வந்துபோன வீட்டில், பெரும்பாலான நேரம் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

ஒவ்வொன்றும் 10 லட்சம் ஆண்டுகள் நீடிப்பதாக மாற்றினால், ஒரே காலத்தில் வாழ்பவை 100 ஆகும். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு; 1 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள மண்டலத்தில் அந்த நூறும் பரவிக்கிடந்தால், மிக நெருங்கிய அண்டை நாகரிகம்கூடச் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால்தான் இருக்கும். கேள்வி ஒரு யுகத்தில் புறப்பட்டு, விடை இன்னொரு யுகத்தில் வந்து சேரும். நேரில் செல்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வாயேஜர் 1 விண்கலம், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் தொலைவைக் கடக்கவே 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

வேற்றுலக நாகரிகங்கள் உண்டு என்பதற்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘எல்லாரும் எங்கே?’ என்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் நண்பர்களிடம் கேட்டதை 1975இல் மைக்கேல் ஹார்ட் முறையான வாதமாக்கினார். ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்தில் சென்றாலே இம்மண்டலத்தை 1 கோடி ஆண்டுகளில் கடந்துவிடலாம். மண்டலத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறுகிய காலம். எனவே ஒரே ஒரு நாகரிகம் முன்கூட்டியே பரவத் தொடங்கியிருந்தாலும் இந்நேரம் அது இங்கே இருந்திருக்க வேண்டும். நீண்டு வாழ்ந்து எங்கும் பரவும் நாகரிகங்கள் பல உள்ளன என்ற நம்பிக்கையை இவ்வாதம் பெரிதும் தகர்க்கிறது என்பதை நான் ஏற்கிறேன். தோன்றி, தம் விண்மீனருகே வாழ்ந்து, மறைந்துபோன நாகரிகங்களை அது தொடவே இல்லை. (அவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், பறக்கும் தட்டுகளே சாட்சி என்பவர்களுக்கு ஒரு சொல்: நாசா அமைத்த தனிக்குழு 2023இல் வெளியிட்ட அறிக்கையில், அத்தகைய காட்சிகள் வேற்றுலகைச் சேர்ந்தவை என்பதற்கு ஆதாரம் காணவில்லை.)

நாம் இதுவரை தேடியதும் சொற்பமே. 1960இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பினார்; எதுவும் கேட்கவில்லை. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒகாயோவில் பதிவான, 72 நொடிகள் நீடித்த வலுவான சமிக்ஞை மீண்டும் வரவே இல்லை. 2019இல் பிராக்சிமாவின் திசையிலிருந்து பதிவான சமிக்ஞை நம்முடைய கருவிகளின் இரைச்சலே என்று 2021இல் தெரியவந்தது. இத்தகைய ஏமாற்றங்களைத் தோல்வி என நான் கருதவில்லை; நம்ப விரும்பியவர்களே நம்ப மறுத்து ஆராய்ந்தார்கள் அல்லவா?

மறுபுறம், நம்மை யாரேனும் கண்டுகொள்ள வானொலி தேவையே இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் உயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் பெருகத் தொடங்கியது. போதிய கருவி உடையவர் எவரும் அன்றுமுதல் இங்கே உயிர் உண்டு என்று ஊகித்திருக்கலாம். நாமும் அதே முறையில் பிற கோள்களின் வளிமண்டலங்களை ஆராயத் தொடங்கிவிட்டோம். முதலில் நமக்குப் புலப்படுவது பேசும் உயிராக இருக்காது, பாசி போன்ற ஒன்றாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

ஒருவேளை செய்தியே வந்துவிட்டால்? பன்னாட்டு விண்வெளியியல் கழகம் 1989இல் ஏற்ற நெறிமுறைகள், உலக நாடுகளைக் கலந்தாலோசிக்காமல் பதில் அனுப்பலாகாது என்கின்றன. அவற்றுக்குச் சட்ட வலு கிடையாது. எனினும் அவசரப்பட ஏதுமில்லை. 5,000 ஆண்டுகள் பயணம் செய்து வந்த செய்திக்கு நாம் ஒரு நூற்றாண்டு விவாதித்துப் பதில் எழுதினாலும் அனுப்பியவருக்கு அது பொருட்டாகாது. அப்பதில் போய்ச் சேரும் நாளில் அதை வாங்க அங்கே ஒருவர் இருப்பாரா, அதை அனுப்பியவர்கள் இங்கே இருப்பார்களா என்பதைத்தான் கணக்கிட வேண்டியிருக்கும்.