யாரும் திருத்தாத படம்

நேயர்களுக்கு வணக்கம். மனசு சரியில்லாதபோது படம் வரைவது எப்படி உதவுகிறது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இது ஓவியர்கள் சமாச்சாரம் என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள், "எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்கிறவர்களுக்காகத்தான் வந்திருக்கிறேன்.

போனில் பேசிக்கொண்டே கையில் கிடைத்த பில்லின் பின்பக்கம் கட்டம் கட்டமாக, சுழி சுழியாகக் கிறுக்கியிருப்பீர்கள். பேச்சு கசப்பாகப் போகப்போக பேனா இன்னும் அழுந்தும், கவனித்திருக்கிறீர்களா? அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

நான் யாரிடம் பேசினாலும் கடைசியில் எட்வர்ட் ஆடம்சனிடம் வந்து நிற்பேன், இன்றைக்கும் அப்படித்தான். இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் நெதர்ன் என்றொரு பெரிய மனநல மருத்துவமனை இருந்தது. 1946-ல் இந்த ஓவியர் அங்கே போகிறார். உள்ளே சேர்க்கப்பட்டவர்கள் வருஷக்கணக்காகப் பூட்டிய வார்டுகளில் கிடந்த காலம் அது, மூளையில் கத்தி வைக்கும் சிகிச்சையெல்லாம் நடந்த காலம். ஆரம்பத்திலேயே ஒரு நோயாளியின் படங்கள் அவர் கைக்கு வருகின்றன. பூட்டிய வார்டில் இருந்த அந்த மனிதருக்கு ஏது காகிதம், ஏது பென்சில்? கழிப்பறைக் காகிதத்தில், எரிந்த தீக்குச்சியின் கரியால் வரைந்திருக்கிறார். ஒரு குச்சியில் எவ்வளவு கரி இருக்கும் சொல்லுங்கள்! அது தீர்ந்தால் அடுத்த குச்சி, அப்புறம் இன்னொன்று. முகங்கள், மிருகங்கள் என்று அந்த மெல்லிய தாள் கொள்ளாமல் வரைந்து வைத்திருக்கிறார். வரையச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

அப்புறம் அங்கே ஒரு ஓவியக்கூடம் வந்தது. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நாற்காலி, படம் வைக்க ஒரு தாங்கி, வண்ணங்கள். ஆடம்சன் சொல்லிக்கொடுக்கவில்லை. "இதற்கு என்ன அர்த்தம்" என்று குடையவில்லை. கூடவே இருந்தார், அவ்வளவுதான். 1981 வரைக்கும் அங்கேயே இருந்தார். அவர்கள் வரைந்தவற்றில் ஆயிரக்கணக்கான படங்கள் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன.

அவர் சும்மா இருந்தாரே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பிள்ளை யானை வரைந்தால் தும்பிக்கையைத் திருத்துகிறோம், போட்டிக்கு என்றால் நாமே வண்ணமடித்துக் கொடுக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா பிரஷ்ஷைத் தொட்டால், "இந்த வயசில் எதுக்குப்பா இதெல்லாம்?" திருத்தாதீர்கள். அழகாக இருக்கிறது என்றுகூட அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், அடுத்த படத்தை உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி வரைய ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

திறமை வேண்டும் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016-ல் அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். 39 பேர், 45 நிமிடம், களிமண், ஸ்கெட்ச் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம், எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசாலை அளந்தார்கள், மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன் அது. முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவர்களுக்கும் புதியவர்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

களிமண் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரைவது மருந்துக்கு மாற்று இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. பல நாளாகத் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் காகிதத்தைத் தேடாதீர்கள், போனை எடுங்கள். டெலி மானஸ், அரசு உதவி எண் 14416. ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இன்னொரு தடவை சொல்கிறேன், 1, 4, 4, 1, 6.