பகலில் காசு, இரவில் விண்மீன்: ஒரு கருவூல ஊழியரின் 37,000 குறிப்புகள்

(திரையில்: இரவு வானம். கிழக்கே சரிந்து நிற்கும் மூன்று விண்மீன்கள். குரல் மட்டும்.)

வணக்கம். ஜனவரி மாத இரவு, எட்டு மணி. மொட்டை மாடியில் கிழக்கு முகமாக நின்று சற்றே அண்ணாந்து பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மஞ்சளாக ஒன்று மின்னும். அதுதான் திருவாதிரை. மார்கழியில் களி செய்து நாம் கொண்டாடும் அதே ஆதிரை.

இந்த விண்மீனின் ஒளி கூடும், குறையும். எவ்வளவு என்று கண்ணாலேயே கணக்கிட முடியும். அதை எப்படிச் செய்வது என்று கடைசியில் காட்டுகிறேன். அதற்கு முன், இதே வேலையை ஏறத்தாழ 35 ஆண்டுகள் செய்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விஞ்ஞானி அல்ல. அரசுக் கருவூலத்தில் காசு சரிபார்த்தவர்.

(திரையில்: பழைய வங்காள வரைபடம். ஜெஸ்ஸோர் நகரம் மீது வட்டம்.)

ராதா கோவிந்த சந்திரா. பிறந்தது 1878. ஊர், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸோருக்கு அருகே பாக்சர். பள்ளி இறுதித் தேர்வை எழுதினார், தோற்றார். மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். கல்லூரிக் கதவு திறக்கவே இல்லை. ஜெஸ்ஸோர் கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வரும் நாணயங்கள் நல்லவையா என்று பார்க்கும் வேலை.

அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாயைச் சுண்டிவிட்டு ஓசை கேட்பார்கள். விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். நல்ல காசை அருகில் வைத்து ஒப்பிடுவார்கள். இந்தத் தொழில் செய்பவருக்குத் தமிழில் 'வண்ணக்கன்' என்றே ஒரு பழைய பெயர் உண்டு. சங்கப் புலவர்களில் சிலர் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர். துணி விற்ற அறுவை வாணிகன் இளவேட்டனார் இன்னொருவர். பிழைப்புக்கு ஒரு தொழில், அதற்கு அப்பால் ஒரு ஈடுபாடு என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. அந்தப் புலவர்கள் தொழிலை மறைக்கவும் இல்லை, பெயரிலேயே சுமந்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

(திரையில்: 1910 ஹாலி வால்மீனின் கறுப்பு வெள்ளைப் படம்.)

1910-ல் ஹாலி வால்மீன் வந்தது. சந்திரா அதைக் கைக்கு அடக்கமான ஒரு பைனாகுலரால் இரவுதோறும் பார்த்து எழுதிவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குல அகல வில்லை கொண்ட தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். ஒரு கருவூல ஊழியர் தன் சொந்தப் பணத்தில் கடல் கடந்து கண்ணாடி வாங்குவது அன்று எப்பேர்ப்பட்ட செலவு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலும் தெருவிலும் என்ன பேசியிருப்பார்கள்? 'இதனால் என்ன வருமானம்?' என்ற கேள்வி, எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் முதலில் வந்து நிற்கிற கேள்விதானே.

1918, ஜூன் 7. திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில், அதுவரை எதுவும் தெரியாத இடத்தில் ஒரு விண்மீன். சந்திராவுக்கு அந்த வானம் மனப்பாடம். புதிய முகம் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு நாட்களில் அது வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களோடு போட்டி போட்டது. சந்திரா தன் குறிப்புகளை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது. ஒளி மாறும் விண்மீன்களைக் கண்காணிக்கும் அமெரிக்கச் சங்கத்தில் சேரும்படி அழைப்பும் வந்தது.

(திரையில்: ஓர் அலைக்கோடு மெல்ல வரையப்படுகிறது. மேலே 'பிரகாசம்', கீழே 'மங்கல்'.)

இங்கே சற்று நிற்போம். அப்படி ஒரு சங்கம் எதற்கு?

தீமிங்கில மண்டலத்தில் 'மீரா' என்று ஒரு விண்மீன் இருக்கிறது. உச்சத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு மங்கி மங்கி, தொலைநோக்கி இல்லாமல் காண முடியாத நிலைக்குப் போய்விடும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 11 மாதங்கள் ஆகும். இதைப் புரிந்துகொள்ள ஒரு சுற்றைப் பார்த்தால் போதாது, பல சுற்றுகள் வேண்டும். இப்படிப்பட்ட விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரிய வானாய்வகத்தின் தொலைநோக்கி நேரம் பலருக்கும் பங்கிடப்படுவது. ஒரு விஞ்ஞானி அதை ஒரே விண்மீனுக்கு ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் யார் பார்ப்பது? வீட்டு முற்றத்தில் சிறிய தொலைநோக்கியும் நிறையப் பொறுமையும் வைத்திருப்பவர்கள். சங்கத்தை 1911-ல் தொடங்கிய வில்லியம் டைலர் ஓல்காட் ஒரு வழக்கறிஞர். மூத்த உறுப்பினர் சார்லஸ் எல்மர் நீதிமன்றச் சுருக்கெழுத்தர்.

பார்க்கும் முறை எளிது. ஒளி மாறாத இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் ஒளி அளவு 7.1, மற்றொன்றின் அளவு 7.6 என்று வைத்துக்கொள்வோம். எண் கூடினால் மங்கல் என்பது இங்கே கணக்கு. நாம் பார்க்கும் விண்மீன் இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது? முதலாவதுக்குச் சற்று நெருக்கமா? அப்படியானால் 7.3. தேதி, நேரம், அளவு. அவ்வளவுதான். அடுத்த விண்மீன்.

கவனியுங்கள். தெரிந்த காசை அருகில் வைத்துத் தெரியாத காசை மதிப்பிடும் அதே வேலை! பகலில் கருவூலத்தில் பழகிய கண்ணும், ஒரு நாளும் விடாமல் பேரேடு எழுதிய கையும் இரவில் வானத்துக்கு வந்து சேர்ந்தன. வேலையிலிருந்து தப்பிக்கத்தான் இன்னொரு ஈடுபாடு என்று நாம் பேசுகிறோம். சந்திராவின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை அவருக்குக் கொடுத்த திறமைக்கு, வேலைக்குள் இடம் போதவில்லை.

1954 வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல். சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று. வங்காளத்தின் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் பணி ஓய்வு வந்தது. நாட்டுப் பிரிவினை வந்தது, சொந்த ஊரை விட்டு மேற்கு வங்காளத்துக்குக் குடிபெயர்ந்தார். குறிப்புகள் நிற்கவில்லை. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை இவருக்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பொழுதுக்குத் தேதி போட்டுப் பத்திரப்படுத்தியவர் அவர்.

(திரையில்: நீண்ட குழாய்த் தொலைநோக்கியின் கோட்டோவியம். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஒரு கோடு நகர்கிறது.)

1926-ல் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. சுருக்கெழுத்தர் எல்மரிடம் இருந்த தொலைநோக்கி அது. நீதிமன்றத்தில் வாய்மொழிகளை எழுதிக்கொண்டிருந்தவரின் கருவி, கருவூலத்தில் காசு எண்ணிக்கொண்டிருந்தவரிடம் வந்து சேர்ந்தது. இருவரையும் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான், சம்பளம் தராத ஒரு வேலை. எல்மர் பின்னாளில் பெர்க்கின் என்ற நண்பரோடு சேர்ந்து பெர்க்கின்-எல்மர் என்ற ஒளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தது அந்த நிறுவனம்தான்.

1928-ல் பிரெஞ்சு அரசு சந்திராவுக்கு விருது அளித்துச் சிறப்பித்தது. 1975-ல் அவர் காலமானார். இறுதி நாட்களில் வறுமை அவரை விடவில்லை என்று படித்தபோது மனம் கனத்தது. ஈடுபாடு எல்லாவற்றையும் கொடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. இரண்டு கண்டங்களில் நண்பர்களைக் கொடுத்தது. தேர்வில் தோற்றவர் என்ற அடையாளத்துக்குப் பக்கத்தில், இன்னும் பெரிய எழுத்தில் இன்னோர் அடையாளத்தை எழுதியது.

அந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி? அது வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கி நிற்கும் அதே வளாகம்.

(திரையில்: மீண்டும் இரவு வானம். திருவாதிரை, ரோகிணி, புரோசியன் மூன்றும் குறியிடப்படுகின்றன.)

சரி, மாடிக்கு வருவோம். திருவாதிரைக்கு மேலே, கிட்டத்தட்ட உச்சியில், இன்னொரு செந்நிற விண்மீன் ரோகிணி. அளவு 0.9. திருவாதிரைக்குக் கீழே இடப்பக்கம் வெண்மையாக மின்னுவது புரோசியன். அளவு 0.4. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவானத்தை ஒட்டியிருக்கும் விண்மீனை ஒப்பிடக் கூடாது. காற்று மண்டலம் அதன் ஒளியைக் குடித்துவிடும். ஆகவே புரோசியன் நன்றாக மேலே ஏறும்வரை காத்திருங்கள். சிவந்த விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது. பார்க்கப் பார்க்க அது கூடுதல் பிரகாசமாகத் தெரியும். ஒரு நொடி பாருங்கள், பார்வையை மாற்றுங்கள், மீண்டும் ஒரு நொடி.

2020 பிப்ரவரியில் இதே திருவாதிரை 1.6 வரை மங்கியது. அருகே இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் என்ற விண்மீனோடு சமமாக நின்றது. அந்தச் சரிவின் ஒவ்வொரு படியையும் உலகம் முழுவதும் மாடிகளிலும் முற்றங்களிலும் நின்று பதிவு செய்தவர்களில் பலர் ஆசிரியர்கள், ஓட்டுநர்கள், ஓய்வு பெற்றவர்கள் போன்ற சாதாரண மனிதர்கள்தான். விண்மீன் கக்கிய தூசி மறைத்ததே முக்கியக் காரணம் என்று மறு ஆண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

(திரையில்: ஒரு கோடிட்ட நோட்டு. பென்சில் பிடித்த கை.)

என் நோட்டின் முதல் பக்கம் இது. முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. 0.5 என்று எழுதி அடித்துவிட்டு, கீழே இறங்கித் தண்ணீர் குடித்து, மறுபடி ஏறிப் பார்த்து 0.6 என்று எழுதியிருக்கிறேன். அடித்தது இன்னும் தெரிகிறது பாருங்கள். பக்கத்தில் நேரம்: 9.20. அடுத்த வரியில் மறுநாள் தேதி, மேகம் என்று ஒரே ஒரு சொல்.